வளைந்த கொக்கி

வேலூர் தாமோதரன் பழைய ராணுவ பெல்ட் பக்கிள்களைச் சேர்ப்பவர். அவற்றைப் புளி போட்டுத் துலக்குபவள் அஞ்சலை. கொக்கி வளைந்த ஒன்று, வறுமையில் அம்மா விற்றுவிட்ட அவளுடைய அப்பாவின் பக்கிள். அதைத் திருப்பிக் கேட்டாள்.

விருந்தாளிகள் முன்னால் அவர் சிரித்தார். “எங்க தாத்தா போர்ல கட்டினது இது. உங்கப்பனுதுன்னா நிரூபி, எடுத்துக்கோ.”

“கட்டினவரு சண்டைக்குப் பயந்து ஓடுறப்ப முள்வேலியில மாட்டி வளைஞ்சதுங்க ஐயா. அது உங்க தாத்தான்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது.”

“ஏய்! எங்க தாத்தா பட்டாளத்துக்கே போகலை. பழைய பாத்திரக் கடையில வாங்கினேன். எடுத்துட்டுப் போ!”

“அப்ப ஓடினவன் உங்கப்பனா?” என்றார் ஒரு விருந்தாளி.

“ஆமாங்க,” என்று தலைகுனிந்தாள்.

உண்மையில், போரில் அடிபட்ட கூட்டாளியை அப்பா தோளில் சுமந்து வந்தபோது வளைந்த கொக்கி அது. அவரை ஓடினவர் என்று சொல்லி வாங்கி வந்ததை வீட்டில் துலக்க அவளுக்குக் கை எழவில்லை.