ஓர் எலக்ட்ரான் இழந்த ஆக்சிஜன்

“அந்த ஆக்சிஜன் புள்ளியெல்லாம் எடுத்துட்டேன் மேடம். அதை வச்சிருந்தா என் ஆய்வு நிக்காது” என்றார் சவரிமுத்து.

தூத்துக்குடிக் கல்லூரி ஒன்றில் இருபது வருடம் இயற்பியல் நடத்தியவர். ஐம்பதை நெருங்கும்போது முனைவர் பட்ட ஆசை பிடித்துக்கொண்டது. தன்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவரான உமையாளிடம் மாணவராகச் சேர்ந்து, வடதுருவத்துக்குப் பக்கத்தில் ஓர் ஆய்வு நிலையம்வரை வந்துவிட்டார். ஆசை யாரை விட்டது?

சூரியன் வீசும் துகள்களைப் பூமியின் காந்தப்புலம் அண்டவிடாது. துருவங்களுக்கு மேலே மட்டும் புனல் மாதிரி ஒரு திறப்பு உண்டு. அங்கே மிக வேகமான மின்னூட்டத் துகள்களைச் செயற்கைக்கோள் பிடித்திருந்தது. அத்தனையும் சூரியனிலிருந்து நுழைந்தவை என்று எழுதியிருந்தார் சவரிமுத்து. ஆய்வேட்டை நாளைக்கு அனுப்பியாக வேண்டும். தவறினால் பட்டம் இல்லை.

இடைஞ்சல் செய்தது ஆக்சிஜன். சூரியனிலிருந்து வருவது தன் எலக்ட்ரான்களில் பெரும்பாலானவற்றைத் தொலைத்துவிட்டு வரும். இவருக்குக் கிடைத்ததில் ஒரு பகுதி ஒன்றே ஒன்றைத்தான் இழந்திருந்தது. அந்தத் தரவுப் புள்ளிகளைத்தான் நீக்கியிருந்தார்.

“ஏன் எடுத்தீங்க?” என்றார் உமையாள்.

“கருவிக் கோளாறு மேடம்.”

“சோதிச்சீங்களா?”

“சோதிச்சேன்.”

“கோளாறு இருந்துச்சா?”

சவரிமுத்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“சரி சார். ஒண்ணு மட்டும் இழந்த ஆக்சிஜன் எங்க இருக்கும்?”

“நம்ம காத்து மண்டலத்து உச்சியில இருக்கும். ஆனா அது எப்படி மேடம் அங்க போவும்? அது உள்ள வர்ற வாசல்லா?”

உமையாள் எழுந்துபோய் வெளிக்கதவைத் திறந்தார். நடுப்பகல்தான், ஆனாலும் இருட்டு. அங்கே குளிர்காலம் முழுக்க அப்படித்தான். வாசலில் வெள்ளையாக மூட்டம் கிளம்பியது.

“சாத்துங்க மேடம்! பனி உள்ள வருது.”

“எங்கிருந்து வருது?”

“வெளியில இருந்துதான். வேற எங்க இருந்து வரும்?”

“கோட்டைப் போட்டுக்கிட்டு வெளியில போய் நில்லுங்க சார்.”

அவருக்குக் கோபம் வந்தது. தலைக்குமேல் வேலை கிடக்கும்போது இதென்ன விளையாட்டு? ஆனாலும் போனார். பின்னால் கதவு சாத்திக்கொண்டது.

வெளியே மூட்டம் என்று பேருக்குக்கூட இல்லை. வானம் கழுவிவிட்டதுபோல் இருந்தது. நட்சத்திரங்கள் தெரிந்தன.

கதவு மறுபடி திறந்தது. வெள்ளை மூட்டம் குபுகுபுவென்று உள்ளேயிருந்து வந்து அவர் முகத்தில் மோதியது.

மிளகு ரச வாசனை அடித்தது.

சவரிமுத்து அப்படியே நின்றார். அடுப்பில் கொதிப்பது அவரே வைத்த ரசம். நாலு வருட உழைப்பு போயிற்று.

உள்ளே வந்தார். கோட்டைக்கூடக் கழற்றாமல் கணினிமுன் உட்கார்ந்து ஆய்வேட்டின் தலைப்பை அழித்தார். பிறகு நீக்கிய புள்ளிகளை ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்க்க ஆரம்பித்தார்.

“நாளைக்கு அனுப்பணுமே சார்?” என்றார் உமையாள்.

“எப்படி மேடம் அனுப்புவேன்? கோளாறுன்னு நான் வெரட்டி விட்டது பூரா நம்ம ஊர்க்காரன்லா!”