எல்லாத்துக்கும் மேலே ஒரு விதி

திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் மேனேஜர் தாண்டவமூர்த்தி வைத்ததுதான் சட்டம். புதிதாய்ச் சேர்ந்த ஜெசிந்தாவைக் கூப்பிட்டுச் சீறினார்.

"எவனோ கிரிக்கெட் பார்த்தே நெட்டை முழுங்குறான். ஒருத்தர் ஸ்கிரீனையும் எட்டிப் பார்க்காம இன்னைக்கே ஆளைப் பிடி. இல்லைன்னா நாளைக்கு வராதே!"

கம்பெனி நெட்டை எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பிரித்து அனுப்புவது ஜெசிந்தா பார்த்துக்கொள்ளும் லினக்ஸ் ரவுட்டர். அது விதிகளை மேலிருந்து கீழாகப் படிக்கும். முதலில் பொருந்தும் விதி எந்த வழிப்பட்டியலைக் காட்டுகிறதோ, அதன்படியே அனுப்பிவிடும்; கீழே உள்ள விதிகளைப் பார்க்காது. உச்சியில் இருந்ததோ மேனேஜரே என்றோ போடச் சொன்ன விதி: அவர் கம்ப்யூட்டருக்கு எல்லா வழியும் திறப்பு!

"சார், கிரிக்கெட்டைத் தேடிப் போறதெல்லாம் பாழுங்கிணத்துல விழற மாதிரி தனிப் பட்டியல் போட்டுட்டேன். அதுக்கான விதியை எங்கே வைக்கட்டும்?"

"இதென்ன கேள்வி? எல்லாத்துக்கும் மேலே வை! எவனுக்கும் சலுகை கிடையாது!"

"எல்லாத்துக்கும் மேலேயா, சார்?"

"காது கேக்கலையாம்மா?"

மேனேஜர் தன் கண்ணாடி அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். ஜெசிந்தா பவ்யமாய் விதியை உச்சியில் ஏற்றினாள். ஹாலில் ஒரு தலைகூட நிமிரவில்லை. கண்ணாடி அறைதான் அதிர்ந்தது.

"ஐயையோ, கடைசி ஓவர்! எவன்டா நெட்டைப் பிடுங்கினது?"

ஹாலே குலுங்கிக் குலுங்கிச் சிரிக்க, ஜெசிந்தா அந்தக் கதவை மெல்லத் தட்டினாள்.

"ஆள் கிடைச்சுட்டாரு, சார். நாளைக்கு நான் வரலாமில்ல?"