இடுப்போடு தீர்ந்த மாப்பிள்ளை

மொட்டப்பாறையில் எல்லாருமே விவரமானவர்கள். வெளியூரில் யாரும் இதை ஒப்புக்கொண்டதில்லை.

அந்த ஊர்ச் சன்னாசிக்கு வந்த இடமெல்லாம் தட்டிப்போய், கடைசியாகக் கீழக்குடியில் ஒரு பெண் அமைந்தது. பெண்ணின் அப்பா ஏற்கெனவே ஏமாந்தவர். மூத்த மகளுக்கு அண்ணனைக் காட்டிவிட்டுத் தம்பியை மணவறையில் உட்கார வைத்திருந்தார்கள்.

"மாப்பிள்ளையைப் பாத்து மண்ணுல ஒரு சிலை செஞ்சு கொண்டாங்க. முகூர்த்தத்தன்னிக்கு ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாப்பேன். ஒத்திருந்தா தாலி. இல்லாட்டி நடையைக் கட்டலாம்" என்றார்.

சன்னாசியின் தாய்மாமன் உடையானும் தோழன் கொம்பையாவும் குயவரிடம் மண் வாங்கிக்கொண்டு, சிலை செய்யும் வழியும் கேட்டார்கள். அவர் சக்கரத்திலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்: "ஆளை எதிரே உக்கார வை. அசையவிடாதே. ரெண்டையும் பாரு. வித்தியாசம் தெரிஞ்சா திருத்து."

எதைத் திருத்துவது என்று அவர் சொல்லவில்லை. இவர்கள் கேட்கவுமில்லை. கேட்டால் விவரமில்லாதவர்கள் என்று நினைத்துவிடுவார்.

சன்னாசியை எதிரே உட்காரவைத்துச் செய்த சிலை வெயிலில் காய்ந்தபின்தான் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மூக்கு இடப்பக்கம் சாய்ந்திருந்தது. ஒரு புருவம் விட்டுப்போயிருந்தது. கொம்பையா சிலையைத் தட்டிப் பார்த்தான். கல்லாக இருந்தது. சன்னாசியின் கன்னத்தைத் தட்டிப் பார்த்தான்.

"இதுதான் மாமா இளசா இருக்கு. இதையே திருத்திரலாம்."

மூக்கைக் கயிற்றால் இழுத்து இடது காதோடு கட்டினார்கள். ஒரு புருவத்தைச் சிரைத்தார்கள். சன்னாசி அசையவில்லை. கல்யாணம் ஆகவேண்டியவன்.

அப்போது பார்த்துச் சிலையின் வலது காது உதிர்ந்தது. கொம்பையா அரிவாளைத் தீட்டத் தொடங்கினான்.

"ஐயர் மந்திரம் சொன்னா எனக்குக் கேக்க வேணாமாடா?" என்றான் சன்னாசி.

"அதான் இன்னொண்ணு இருக்கே."

உடையான் வெகுநேரம் யோசித்தார். "வேணாம்டா. அறுத்தா ரத்தம் வரும். சிலையில ரத்தம் இல்ல. வித்தியாசம் கூடிப்போகும்."

ஊரில் அவருக்கு மரியாதை சும்மா வரவில்லை. விழுந்த காதையே தண்ணீர் விட்டுக் குழைத்து, சன்னாசியின் வலது காதை மடித்து, அது தெரியாதபடி மேலே அப்பினார்கள்.

முகூர்த்தத்தன்று பெண்ணின் அப்பா சிலையைச் சன்னாசிக்குப் பக்கத்தில் வைத்தார். மூக்கைப் பார்த்தார். புருவத்தைப் பார்த்தார். காதைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. பிறகு கீழே பார்த்தார்.

"சிலைக்குக் கால் இல்லையே."

"மண்ணு இடுப்போட தீந்துபோச்சுங்க" என்றார் உடையான்.

"மாப்பிள்ளைக்கு மட்டும் இருக்கு. யாரு காலு இது?"

இந்த இடமும் போயிற்று என்றே சன்னாசி நினைத்தான். கொம்பையா மண்வெட்டி எடுத்துவந்து மணவறைக்கு நடுவே குழி தோண்டினான். சன்னாசியை இடுப்புவரை இறக்கி, மண்ணைத் தள்ளி மிதித்தார்கள். பெண்ணின் அப்பா மறுபடி பார்த்துத் தலையாட்டினார். மேளம் கொட்டியது. பெண் மண்டியிட்டுக் கழுத்தை நீட்டினாள். அக்கினியை வலம்வர வேண்டிய நேரத்தில், நெருப்பைச் சட்டியோடு தூக்கி மாப்பிள்ளையைச் சுற்றி வந்தார்கள்.

சாப்பாட்டுப் பந்தி தொடங்கியதும் சன்னாசி மெல்லக் கூப்பிட்டான்.

"மாமா, முழங்கால் அரிக்குது."

உடையான் சிலையைப் பார்த்தார். "உனக்கு ஏதுடா முழங்கால்?"

சன்னாசியும் சிலையை எட்டிப் பார்த்தான். இல்லைதான். அரிப்பு நின்றுவிட்டது.