இடம் மாறிய விறகு

"ஒண்ணு, அவ போகணும். இல்லன்னா நான் போறேன், சுவாமி."

மரகதவல்லியின் கண்கள் சிவந்திருந்தன; பாதி புகையால், பாதி கோபத்தால். துணிமூட்டையைக் கட்டி, கூடத்து வாசற்படியோரம் வைத்துவிட்டுத்தான் வந்திருந்தாள்.

சுவாமி அவளைவிடப் பத்து வயது இளையவர். பிய்ந்துபோன பாயைக் கோணி ஊசியால் தைத்துக்கொண்டிருந்தார்.

"யாரும்மா?"

"செங்கமலம். காலைக் கஞ்சிக்குத் தில்லை விறகை வச்சு எரிச்சிருக்கா. பந்தியில ஒருத்தராலயும் கண்ணைத் திறக்க முடியல."

அந்த ஆசிரமம் உப்பங்கழியின் கரையில் இருந்தது. கழி ஒதுக்கிய மரமும் ஊரார் கொடுத்த மரமும், இலையின்றி, பட்டையின்றி, வெறும் துண்டங்களாக வந்து சேரும். தாவரவியல் கற்பித்து ஓய்வுபெற்று வந்த மரகதவல்லிக்கு, வந்த அன்றே சுவாமி கொடுத்த பணி, அவற்றை இனம் பிரித்து அடுக்குவது. வேலமும் புளியும் அடுப்புக்கு. தில்லை வேலிக்கு மட்டும். அதன் புகை கண்ணுக்கு ஆகாது.

"ஒரு துண்டு மாறாம அடுக்குறேன். நேத்து மழை வரும்போல இருந்ததுன்னு வேலத்தை மட்டும் நனையாத மூலைக்கு மாத்தினேன், தில்லையைக் கதவோரம் தள்ளினேன். இவ்வளவு பாத்துப் பாத்துச் செய்யறேன். அவ போகிறபோக்குல கதவோரம் கிடந்ததை அள்ளிட்டுப் போறா."

"கேட்டீங்களா?"

"கேட்டேனே. வெள்ளைக் கட்டைக்கும் சிவப்புக் கட்டைக்கும் வித்தியாசம் தெரியாதான்னு. சிரிக்கிறா, சுவாமி. 'அடுப்புக்குள்ள போனா எல்லாம் கறுப்புதான டீச்சரம்மா'ங்கிறா."

சுவாமிக்கும் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

"அதோட விட்டாளா? 'வெறகை யாரு எடம் மாத்தினது'ன்னு என்னையே திருப்பிக் கேக்கிறா. தப்பு செஞ்சவ அவ. கேள்வி எனக்கா?"

ஊசி பாய்க்குள் இறங்கி மறுபுறம் வந்தது.

"வெறும் துண்டத்தை வச்சு மரத்தைக் கண்டுபிடிக்கிறது கஷ்டமில்லையா?"

"பாக்கணும்னு நினைச்சாப் போதும். கண்ணைக் கட்டிவிட்டாக்கூடச் சொல்லுவேன்."

சுவாமி தோளிலிருந்த துண்டை நீட்டினார்.

"கட்டிக்கோங்க."

அவள் வாங்கி இறுகக் கட்டிக்கொண்டாள். அவர் எழுந்து வெளியே போய் வரும் ஓசை கேட்டது. கையில் ஒரு கட்டை வந்து அமர்ந்தது. நகத்தால் கீறி நுனிநாக்கில் வைத்தாள்.

"வேம்பு."

அடுத்தது கையைக் கீழே இழுத்தது.

"புளி. வைரம் பாய்ஞ்சது."

மூன்றாவதன் வெட்டுவாயை விரலால் தடவி, முகர்ந்தாள்.

"பூவரசு."

"ஒண்ணுகூடத் தப்பில்லை" என்றார் சுவாமி.

"அப்போ சொல்லுங்க. அவளா, நானா?"

"நீங்க போறதை யாரு தடுத்தா? அப்படியே போங்க, துண்டை அவிழ்க்காம. மூட்டை வச்ச இடம் தெரியுமில்ல?"

"வச்சவளுக்குத் தெரியாதா?"

சுவரைத் தொட்டபடி நடந்தாள். வாசற்படி காலில் தட்டியது. குனிந்து கை நீட்டினாள்.

வெறும் தரை.

வலப்பக்கம் துழாவினாள். இடப்பக்கம் துழாவினாள். ஒரு செம்பு உருண்டு, தண்ணீர் அவள் புடவையை நனைத்தது. இத்தனை வயதில் தரையில் தவழ விட்டுவிட்டாரே என்று உடம்பெல்லாம் எரிந்தது.

"என் மூட்டையை யாரு இடம் மாத்தினது?"

ஊசி பாய்க்குள் இறங்கும் ஓசை மட்டும்.

மரகதவல்லி தரையில் வைத்த கையை எடுக்கவில்லை. அந்தக் கேள்வி காலையில் அவள் காதில் விழுந்திருந்தது. அடுப்பு முன்னால், தில்லைப் புகைக்கு நடுவில், வேறொருத்தியின் குரலில்.

சமையற்கட்டிலிருந்து யாரோ வந்தார்கள். காலடிக்கு முன்னால் இன்னோர் ஓசை வந்தது. சுவரை உரசிக்கொண்டே வரும் உள்ளங்கையின் ஓசை. நாள்தோறும் கேட்ட ஓசைதான்.

அது அவளுக்கு எதிரே, கைக்கெட்டும் தொலைவில் நின்றது.

"யாரு அது?" செங்கமலத்தின் குரல்.

நல்ல பகல். வாசல் முழுவதும் வெயில்.

"யாரு, டீச்சரம்மாவா? சொம்பு உருண்டுச்சே."

"நான்தான், செங்கமலம்."

"குரல் ஏன் இப்படி இருக்கு? இன்னும் புகை கமறுதா?" அவள் மெல்ல அருகே குந்தினாள். "எடுக்கும்போதே கைக்கு லேசாத்தான் இருந்துச்சு. வேலம் இவ்வளவு லேசா இருக்காதேன்னு நெனச்சேன். நீங்க அடுக்கினதாச்சே, தப்பா இருக்காதுன்னு வச்சுட்டேன்."



செங்கமலம் குரலைத் தாழ்த்தினாள்.

"சாமிகிட்ட மட்டும் சொல்லிடாதீங்கம்மா. கண்ணு போச்சுன்னு தெரிஞ்சா வேற ஆளு வச்சுடுவாங்க. எனக்குப் போக எடமில்ல."

பத்தடி தள்ளி, ஊசியின் ஓசை நின்றது.

மரகதவல்லி கை நீட்டித் துழாவி, எதிரே இருந்த கையைக் கண்டுபிடித்தாள். சூடு பட்டுச் சூடு பட்டுக் காய்த்துப்போயிருந்தது.

"எழுந்திரு" என்றாள். "வேலத்தைப் பழைய இடத்துக்கே கொண்டுவரணும். நீ வந்து காட்டு."