வால்ட்டரோட பியானோக்காரர்

வேப்பேரியில் போய் ஆரோன் வீடு எது என்று கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள். வால்ட்டரோட பியானோக்காரர் வீடு என்று கேளுங்கள், வாசல்வரை கொண்டுவந்து விடுவார்கள்.

வால்ட்டரும் ஆரோனும் வாசித்தது பீபாப். ஜாஸிலேயே கால் தரையில் பாவாமல் ஓடுகிற ரகம். வால்ட்டர் சாக்ஸபோனோடு முன்னால் நின்று, அந்த நேரம் மனசில் தோன்றியதை ஊதித் தள்ளுவார். ஆரோன் பின்னால் உட்கார்ந்து, அடியில் சுரங்களைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டே போவார். ஹோட்டல் மேடைகளில் பாதி ஆயுள் இப்படித்தான் போயிற்று. ஒரு இசைத்தட்டும் வந்தது. அட்டையில் வால்ட்டர் நிற்கிறார். பின்னால் பியானோ இருக்கிறது, ஆள் இல்லை.

முதுகு பிடித்துக்கொண்டபிறகு ஆரோன் மேடைக்குப் போவதில்லை. வீட்டில் சொல்லிக்கொடுப்பதோடு சரி.

அவரிடம் கற்றவள் புளோரா. அவரைவிட ஆறு வயதுதான் சின்னவள். சர்ச்சில் ஆர்கன் வாசித்து அலுத்துப்போய் இந்தப் பக்கம் வந்தவள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த கையோடு வந்து நின்றாள்.

"நேத்து வால்ட்டர் சாருக்குப் பாராட்டு விழா, மாஸ்டர். அரை மணி நேரம் பேசினார். கோட்டு தைச்ச டெய்லருக்குக்கூட நன்றி சொன்னார். உங்க பேரை எடுக்கவே இல்லை."

"டெய்லர் நல்லாத்தான் தைப்பாரு."

"விளையாடாதீங்க. பேசி முடிச்சிட்டு இறங்கி வந்து என்னைக் கூப்பிடறார். சிங்கப்பூர்ல ஒரு வருஷம் அவருக்குப் பியானோ வாசிக்கணுமாம். சர்ச் வேலையை விடணும். நாளைக்குப் பதில் சொல்லணும். போகட்டுமா?"

ஆரோன் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார்.

"ஒரு பாட்டு எடு. வலது கை மட்டும். கண்ணை மூடிக்கிட்டுத் தோணறதை வாசி."

வாசித்தாள். கொஞ்ச தூரம் போவதற்குள் ஒரு சுரம் தப்பியது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். அதற்குள் மாஸ்டரின் கை அடியில் வேறு சுரங்களை வைத்துவிட்டது. தப்பிய சுரம் அங்கேயே பிறந்து வளர்ந்தது மாதிரி உட்கார்ந்துகொண்டது. அவளுக்குத் தைரியம் வந்தது. வேண்டுமென்றே கோணலாகப் போய்ப் பார்த்தாள். அதுவும் அழகாகத்தான் விழுந்தது. அதற்கப்புறம் அவளைப் பிடிக்க முடியவில்லை.

முடித்தபோது மூச்சு வாங்கியது. சிரித்தாள்.

"இவ்வளவு நல்லா நான் வாசிச்சதே இல்லை, மாஸ்டர்."

"வால்ட்டரும் தினம் இதைத்தான் சொல்வான்."

புளோராவின் சிரிப்பு அடங்கியது. தான் எங்கெங்கே தப்பினோம் என்று யோசித்துப் பார்த்தாள். அவளுக்கே நினைவில்லை.

"ஒரு தடவையாவது நீங்க கையை எடுத்திருக்கலாமே. அவருக்குத் தெரிஞ்சிருக்குமே."

"எடுத்தா பாட்டு செத்துப்போகும்மா."

ஆரோன் பியானோவின் மூடியைச் சாத்தினார். மூடிமேல் வைத்த கை அங்கேயே இருந்தது.

"ஒரு நாள் சாக விட்டிருக்கலாம்" என்றார்.