செல்லக்கிளி அடித்த மணி

"தினமும் கொஞ்சம் முன்னேறணும். வெள்ளிக்கிழமை அதைக் காட்டாதவங்களுக்கு வேலை கிடையாது" என்று திங்கட்கிழமை ஆசிரியர்களிடம் சொன்னார் பள்ளித் தாளாளர் தணிகாசலம். இதைத் தினமும் பேசுவதற்காக முதல் பாட மணியையே முக்கால் மணி நேரம் தள்ளிவைத்தார். மணியடிக்கும் செல்லக்கிளியும் முன்னேற்றம் காட்டணும் என்றார். ஆசிரியர்கள் சிரித்தார்கள்.

செவ்வாய், புதன், வியாழன் என்று பேச்சின் நடுவிலேயே மணி அடித்தது. 'நம்ம பேச்சில் நேரம் போறதே தெரியலை' என்று பூரித்தார் தாளாளர். வெள்ளிக்கிழமை அவர் வணக்கம் சொல்லி முன்னுரையை முடிப்பதற்குள் மணி அடித்துவிட்டது.

"என்ன செல்லக்கிளி இது?"

"என் முன்னேற்றமுங்கய்யா. தினமும் முந்தின நாளைவிடப் பத்து நிமிஷம் முன்னாடி அடிச்சேன். பிள்ளைங்களுக்குப் பாடம் திரும்பக் கிடைச்சிருச்சு."

"அது என் பேச்சு நேரமாச்சே?"

"ஆமாங்கய்யா. இன்னும் அஞ்சு நிமிஷம் பாக்கி இருக்குது. திங்கக்கிழமை அதையும் சரி பண்ணிடறேன்."