கடைசித் தொட்டியில் தெரிந்த முகம்

கோணக்கரையில் அறிவுக்குப் பஞ்சம் என்று யாரும் வாய்கூசாமல் சொல்லிவிட முடியாது. ஆளாளுக்கு நிறையவே இருந்தது. செலவழிக்கத்தான் யாருக்கும் மனசு வரவில்லை.

அந்த ஊர்ச் சாக்கடைத் தண்ணீரைச் சுத்தம் செய்ய ஊர்க்கோடியில் மூன்று தொட்டிகள் கட்டினார்கள். அதைப் பார்த்துக்கொள்ளும் வேலை பேச்சியப்பனுக்குக் கிடைத்தது. நாற்பத்தாறு வயதில் அவருக்கு வாய்த்த முதல் வேலை. சந்தோஷத்தில் காக்கிச் சட்டையோடேயே குளித்தார் மனுஷன்.

இன்ஜினியர் வந்து நிதானமாக விளக்கினார்.

"நடுத்தொட்டியில கிருமிங்க இருக்கு. அழுக்கையெல்லாம் அதுங்கதான் தின்னு தீர்க்கும். பெத்த பிள்ளை மாதிரிப் பார்த்துக்கணும். அடுத்த வெள்ளிக்கிழமை வருவேன். கடைசித் தொட்டியில எட்டிப் பார்த்தா உங்க முகம் தெரியணும். தெரியலைன்னா வேற ஆளை வேலைக்குப் போட்டுருவேன்."

பேச்சியப்பன் ஓடிப்போய் விஷயத்தைச் சொன்னார். உடனே ஊர் கூடியது.

"பெத்த பிள்ளைக்கு வெறும் அழுக்கையா போடுவாக?" என்று கேட்டாள் அவர் மனைவி மாடத்தி.

நியாயமான கேள்விதானே! அன்றைக்கே நடுத்தொட்டிக்குள் ஒரு குண்டான் சோறு போயிற்று. வெறும் சோறு தொண்டையில் இறங்குமா? சாம்பார் ஊற்றினார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறிக் குழம்பு. செரிக்க வேண்டுமே என்று பின்னாலேயே ரசம். கிருமிகளை இவ்வளவு மரியாதையாக நடத்திய ஊர் பூமியில் வேறு கிடையாது.

வியாழக்கிழமை கடைசித் தொட்டி கரேலென்று நுரைத்துக்கொண்டு நின்றது. முகம் என்ன, யானையே முங்கினாலும் தெரியாது. பேச்சியப்பன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். பஞ்சாயத்துத் தலைவர் தவசிக்கனிதான் தைரியம் சொன்னார்.

"முகம் தெரியணும்னுதானே சொன்னாரு? தண்ணி தெரியணும்னு சொன்னாரா?"

"சொல்லலை."

"அப்போ உம்ம முகத்தைத் தொட்டியில போட்டுருவோம்."

"அது கழுத்தோட ஒட்டியிருக்கே தலைவரே..."

"போட்டோ எடுத்து ஃப்ளெக்ஸ் அடிச்சு மிதக்கவிடுவோம்யா!"

அந்த மூளையைக் கண்டு ஊரே கைதட்டியது.

டவுனில் ஃப்ளெக்ஸ் கடைக்காரர் போட்டோவை வாங்கிப் பார்த்துவிட்டு, "கல்யாணமா, காதுகுத்தா?" என்றார்.

"அதெல்லாம் இல்லை. இவரு பேச்சியப்பன். சாக்கடைத் தொட்டி விஷயம். முகம் மட்டும் தண்ணிக்கு மேல தெரிஞ்சாப் போதும்" என்றார் தவசிக்கனி.

"அடப் பாவமே" என்று உச்சுக்கொட்டிய கடைக்காரர் அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் தொட்டியடியில் ஃப்ளெக்ஸைப் பிரித்தார்கள். பேச்சியப்பன் முகத்துக்குக் கீழே கொட்டை எழுத்தில் இருந்தது: "கண்ணீர் அஞ்சலி. தொட்டியில் தவறி விழுந்து மறைந்த பேச்சியப்பன்."

"ஐயோ, என்னைத் தவிக்க விட்டுட்டுப் போயிட்டீகளே!" என்று மாடத்தி மாரில் அடித்துக்கொண்டாள்.

"காலையில ஆறு இட்லி தின்னேனே..." என்று இழுத்தார் பேச்சியப்பன்.

"அச்சடிச்சவன் பொய் சொல்லுவானாவே? அதுவும் கலர்ல!" என்றார் தவசிக்கனி.

சரியான பேச்சுதானே! பேச்சியப்பனும் ஓரமாக உட்கார்ந்து அழுதார். எவ்வளவு நல்ல மனுஷன், சாகிற வயசா அது! ஃப்ளெக்ஸுக்கு மாலை போட்டுத் தொட்டியில் மிதக்கவிட்டார்கள்.

அப்போதுதான் இன்ஜினியர் வந்து சேர்ந்தார். ஒப்பாரியைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார், கடைசியாகப் பேச்சியப்பனைப் பார்த்தார்.

"ஏங்க, நீங்கதானே பேச்சியப்பன்?"

"நானும் காலைவரைக்கும் அப்படித்தான் சார் நினைச்சிட்டிருந்தேன்" என்று மூக்கைச் சிந்தினார் பேச்சியப்பன். பிறகு நாலு பக்கமும் பார்த்துவிட்டு, வேறு யாரும் முந்துவதற்குள் கையைக் கட்டிக்கொண்டு கிட்டே போனார். "சார், இருந்த ஆளு போயிட்டாரு. அந்த வேலையை எனக்குப் போட்டுக் குடுங்க சார்."

இன்ஜினியர் ஃப்ளெக்ஸையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். அழுதுகொண்டிருந்த மாடத்திதான் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிபாரிசுக்கு வந்தாள்.

"இவருக்கே குடுங்க சார். செத்துப்போன எங்க வீட்டு மனுஷன் மாதிரி இல்லை. இவரைப் பார்த்தாப் பொறுப்பான ஆளாத் தெரியுது."